குழாயடி இசையியல்: ஒரு பருவகால ஆய்வு

மைக்செட் வேலை பருவத்தைச் சார்ந்தது என்பதை முதலில் நிறுவியாக வேண்டும். தொல்காப்பியர் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுது வகுத்தார். மைக்செட்காரருக்கு இரண்டுதான்: சீசன், சும்மா. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் அம்மன் உண்டு. மார்கழியில் கல்யாணமும் இல்லை. விடியற்காலைத் திருப்பாவைக்கு ஒற்றைக் குழாய் போதும், அதற்கு யாரும் தனியாகப் பையன் வைக்க மாட்டார்கள். ஆகவே பையனுக்கு வேலை கிடைக்கும் பொழுது, தொல்காப்பியக் கணக்கில் முதுவேனில். உரிப்பொருள், சாப்பாட்டுக்குக் காத்திருத்தல்.

இவ்வாய்வில் கள ஆய்வாளர், தகவலாளி, ஆய்வுக்குட்பட்டவர் மூவரும் ஒருவரே. 1987-இல் ஒன்பதாம் வகுப்பு, இளையராஜா பைத்தியம். கூலி நாளுக்கு ஐந்து ரூபாய், கோயில் கூழ் தனி. வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லாதவன் நாள் முழுக்கப் பாட்டுப் பெட்டியின் பக்கத்திலேயே உட்காரலாம் என்பதுதான் அவன் எதிர்பார்த்த பலன். அது கிடைத்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எதிர்பாராத பலன்களே இங்கு ஆராயப்படுகின்றன.

முதல் பலன், விரும்பாததைக் கேட்டது. எந்த ஊரானாலும் சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையாரைக் கும்பிட்ட பிறகுதான் மற்றவர் வாய் திறக்கலாம். அடுத்து எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. அதையடுத்து அதே கேசட்டின் மறுபக்கம். மறுபடி முதல் பக்கம். பத்து நாள் திருவிழாவில் அந்தக் கேசட்டை எத்தனை முறை திருப்பிப் போட்டேன் என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் வேலையை விட்டிருப்பேன். ஐந்தாம் நாள் வாக்கில் ஒன்று உறைத்தது. பகலில் தாய்மார்களுக்கு அருள் வரவழைக்கும் குரலும், ராத்திரி இளவட்டங்கள் சீட்டு எழுதிக் கொடுத்துக் கேட்கும் கிளப் டான்ஸ் குரலும் ஒரே அம்மாளுடையவை. 'பாசமலர்' (1961) படத்தில் மணப்பெண்ணைக் கேலி பண்ணி அழைத்துப்போகிற குரலும் அவருடையதே. அந்தப் பாட்டு இல்லாமல் எங்கள் பக்கம் தாலி ஏறியதில்லை. பக்தி, கல்யாணம், கிளப் என்று மூன்று துறைகளுக்கும் ஒரே தொண்டை. இளையராஜாவைத் தவிர உலகத்தில் எதுவும் இல்லை என்று நம்பியிருந்தவனுக்கு இது சற்று அவமானம்தான்.

ஏன் ஈஸ்வரி, ஏன் சீர்காழி, கந்தூரிக்குப் போனால் ஏன் நாகூர் ஹனிபா? முதலாளி அண்ணன் இதற்கு ஒரு கோட்பாடு வைத்திருந்தார்: "குழாயில ஏறுற குரல்னு ஒண்ணு இருக்குடா. அது எல்லாருக்கும் அமையாது." இயற்பியல் அவர் பக்கமே நிற்கிறது. கூம்புக் குழாய் நடுத்தர அதிர்வெண்களை நாலு ஊருக்குக் கொண்டுபோகும். அடிநாதம் அதில் ஏறாது. ஏற்றினால் உள்ளே இருக்கும் யூனிட் போய்விடும். அதனால் அண்ணன் ஆம்ப்ளிஃபயரில் பாஸ் குமிழைக் கடைசி வரை குறைத்து, அதன்மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டியிருந்தார். இளையராஜாவின் பாட்டுகளில் பாதிக் கதை பாஸ் கிடாரில்தான் நடக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் டவுனில் கேசட் பதிவுசெய்து தரும் கடையில், பெட்டி ஸ்பீக்கரில் அதே பாட்டைக் கேட்டபோது கடைக்காரரிடம் இது வேறு பாட்டு என்று சண்டைக்குப் போனேன். மனப்பாடமான ஒரு பாட்டை வாழ்க்கையில் இரண்டாவது தடவை முதன்முதலாகக் கேட்கும் பாக்கியம், வீட்டில் நல்ல செட் வைத்திருந்தவர்களுக்கு வாய்க்காது.

ஊடக வளர்ச்சியைப் பையனின் ஓய்வைக் கொண்டு அளக்கலாம் என்பது இக்கட்டுரையின் துணைக் கண்டுபிடிப்பு. 78 சுற்று இசைத்தட்டு மூன்று நிமிடம்தான். அண்ணனின் அப்பா காலத்துப் பையன்கள் ஒன்றுக்குப் போகவும் ஆள் மாற்றிவிட்டுப் போவார்களாம். எல்.பி. தட்டு வந்து பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கொடுத்தது. என் காலத்து அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் கூழ் குடித்து, பஸ் ஸ்டாப் குழாய் இரைகிறதா என்று பார்த்துவிட்டு வரலாம்.

அந்த நடையில்தான் அடுத்தது புலப்பட்டது. ஒரு குழாய் கோயில் வேம்பில், இன்னொன்று பஸ் ஸ்டாப் புளியமரத்தில். வயரில் பாட்டு ஒரே நேரத்தில் இரண்டுக்கும் போய்விடும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் நடக்கும். பஸ் ஸ்டாப்பில் நின்றால் எஸ். ஜானகி ஒரு தடவை பாடி, ஒரு நொடிக்கு மேல் கழித்துத் தன்னையே வழிமொழிவார். இரண்டு குழாயும் ஒன்றாகக் கேட்கும் நடு இடத்தைத் தேடி மூன்று நாள் அலைந்தேன். அது பூசாரி வீட்டு மாட்டுக்கொட்டகை. ஸ்டீரியோ என்ற அனுபவத்தை நான் பெற்றது அங்கேதான், ஒரு சினைப்பசுவின் சந்தேகப் பார்வைக்கு நடுவே.

தோல்வியையும் பதிவு செய்வது ஆய்வு நேர்மை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) கேசட்டை ஒரு மத்தியானம், ஊர் அசந்த நேரத்தில் போட்டேன். வயலின் குழாயில் அருமையாக ஏறியது. பத்தாவது நிமிடம் ஒரு பாட்டி வந்தார். "ஏம்ப்பா, மேளம் கொட்டிக்கிட்டே இருக்காக, ஆளு இன்னும் வரலியா?" ஈஸ்வரியைப் போட்டேன். பாட்டி நிம்மதியாகத் தூங்கினார்.

இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்னும் ஒலி மாசு விதிகள் 2000-இல்தான் வந்தன. அதனால் எங்கள் கள ஆய்வு விடிய விடிய நடந்தது. நன்கொடை அறிவிப்பும் அப்படியே. வரவு வந்த கையோடு சொல்ல வேண்டும். நன்கொடையாளர் பாட்டு முடியும்வரை நிற்க மாட்டார். 'மௌன ராகம்' (1986) படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் நிலாவைக் கூப்பிடும் பாட்டின் இரண்டாவது இடையிசைக்கும் திருவிழாக் கமிட்டித் தலைவருக்கும் என்ன பொருத்தமோ தெரியாது. ஒவ்வொரு இரவும் சரியாக அங்கேதான் மைக்கை வாங்குவார். "மேலத்தெரு டீக்கடை, ரூபாய் நூற்றியொண்ணு." பாட்டு மறுபடி ஏறும்போது சரணம் தொடங்கியிருக்கும்.

இப்போது நல்ல ஹெட்போன் இருக்கிறது. பாஸ் கிடார் தெளிவாக விழுகிறது. இரண்டாவது இடையிசை வந்ததும் விரல் தானாக வால்யூமைக் குறைக்கப் போகிறது. ஒரு நொடி காத்திருக்கிறேன். பாலு நேராகச் சரணத்துக்குப் போய்விடுகிறார். நூற்றியொரு ரூபாய் பாக்கி நிற்கிறது.