தேவதைகள் குடித்தது போக...

கேள்வி: ஸ்காட்ச் சிங்கிள் மால்ட், வயது ஏற ஏற ருசி கூடிக்கொண்டே போகுமா?

பதில்: கூடும், ஓர் எல்லை வரை. சட்டம் கேட்பது ஓக் பீப்பாயில் 3 ஆண்டு வாசம்தான். வனிலா மணமெல்லாம் மரம் தரும் சீர். வாங்கிக்கொண்டே இருந்தால் கசப்பும் கூடவே வரும். (மரமும் மாமியார் வீடுதான்!) ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது, அதற்குப் பெயர் ‘தேவதைகளின் பங்கு’. ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் விஸ்கி என்ற பெயரே பறிபோகும். 1940இல் பீப்பாய்க்குள் போய் 80 ஆண்டு கழித்து வெளிவந்த கிளென்லிவெட் 44.9 சதவீதத்தோடு தப்பியதே என்பீர்கள். தப்பியது ஒரு பீப்பாய், 250 புட்டி. தப்பாத பீப்பாய்க்கு யார் விளம்பரம் செய்வார்? 1926 மக்காலன் புட்டி 2023இல் 20 லட்சம் பவுண்டைத் தாண்டியதும் ருசிக்குச் சாட்சியல்ல. வாங்குகிறவர் அதைத் திறந்தால்தானே!