கீச்சொலியின் பிறப்பியல்

எழுத்தொலிகள் பிறக்கும் இடங்களைத் தலை, மிடறு, நெஞ்சு முதலாக எட்டு என்று வகுத்தார் தொல்காப்பியர். ஆல்ட்டோ சாக்ஸபோன் பழகுகிறவரின் கீச்சொலி எங்கே பிறக்கிறது என்று மட்டும் சொல்லாமல் போனார். அவர்மேல் குற்றமில்லை. பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் இக்கருவிக்குப் பிரான்சில் காப்புரிமை பெற்றதே 1846-இல்தான். விடுபட்ட அந்த நூற்பாக்களுக்கு உரை மட்டுமாவது எழுதிவைக்கிறோம்.

முதலில் காலம். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்தபோது சபாக்கள்தாம் வியந்தன. 1994-இல் ‘டூயட்’ படம் வந்ததும் வீடுகள் ஆசைப்பட்டன. திரையில் பிரபு பிடித்திருந்ததைப் பார்த்து, பிடித்தாலே கத்ரி வாசித்தது வந்துவிடும் என்று ஒரு தலைமுறை நம்பியது. தமிழகத்துக் கீச்சொலியின் பொற்காலத்தை இங்கிருந்து தொடங்குவதே முறை.

இனி இடம். இதழில் பிறப்பதே தலையாயது. மேற்பல் மௌத்பீஸின் மேல் படியவேண்டும், கீழுதடு கீழ்ப்பல்லை மூடி ரீட்டுக்கு மெத்தையாகவேண்டும். புதியவரோ பயத்தில் கடிப்பார். கடித்தால் ரீட்டின் வாய் அடைபட்டு, அடிப்படைச் சுரம் நழுவி, அதன் மேலுள்ள ஏதோ ஒரு கிளைச்சுரம் கிளம்பிவிடும். “கடிக்காதீங்க சார், சும்மா புடிங்க” என்பது எல்லா ஆசிரியர்க்கும் பொதுவான வாசகம்.

பழி ரீட்டையே சேரும் என்பாரும் உளர். விறைப்பில் இரண்டாம் நம்பர் ரீட்டை விட்டு ஒன்றரைக்கு இறங்குவார்கள். அப்போதும் கத்தினால் காய்ந்துவிட்டது என்பார்கள். நாணல் இனத்துச் சீவல் அது, எச்சிலில் ஊறாவிட்டால் முரண்டு பிடிக்கும் என்பது உண்மையே. சீவாளிகளைக் கயிற்றில் கோத்து நாதஸ்வரத்திலேயே தொங்கவிட்டிருக்கும் நம் வித்வான்களுக்கு இதெல்லாம் பழைய செய்தி.

தொல்காப்பியரின் எட்டில் அடங்காத ஒன்பதாம் இடம் ஒன்றுண்டு: இடது உள்ளங்கை. உச்ச ஸ்தாயிக்கான மூன்று சாவிகள் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. கருவி கழுத்துப்பட்டையில்தான் தொங்குகிறது, விழாது. ஆனாலும் விழுந்துவிடுமோ என்று இறுக்கிப் பிடிப்பார். கை சாவியில் படும், ஸா ஊதியவர் எங்கோ வானத்தில் அலறுவார். இதைக் கண்டுபிடித்த பெருமை எமக்கே உரியது என்க.

போலிக் கீச்சும் உண்டு. ஆல்ட்டோவில் ஸி ஊதினால் கீபோர்டின் இ ஃப்ளாட் ஒலிக்கும். கீபோர்டு வாசிக்கும் தம்பியும் சாக்ஸபோன் ஊதும் அண்ணனும் ஒரே நோட்டைப் பார்த்து வாசித்தால் இருவரும் சரி, கேட்பவர் பாவம்.

கருவியின் வழக்கமான எல்லைக்கும் மேலே போக, தேர்ந்த வித்வான்கள் இதே கிளைச்சுரங்களைத்தான் வேண்டுமென்றே எழுப்புகிறார்கள். ஒரு மாணவர் இதை மேற்கோளாக்கித் தம் கீச்சுக்கு அங்கீகாரம் கோரினார். ஆசிரியர் மௌத்பீஸை வாங்கிப் பார்த்துவிட்டு, “ரீட் கோணலா இருக்கு, நேரா வைங்க” என்றார்.