மலைப்பட வசன கவிதையில் மின்கம்பியின் இடம்: ஓர் ஆய்வு

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே நிற்பது ஒரே மலைத்தொடர். அதை மொட்டை மாடியிலிருந்து செல்போனில் படமெடுத்து, அடியில் ஒரு வசன கவிதை எழுதி ஸ்டேட்டஸில் ஏற்றும் வழக்கத்தை அறிஞர் உலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. அக்குறையைக் களையவே இவ்வாய்வு.

முதலில் முன்னோர். 1855-இல் வால்ட் விட்மன் 'புல்லின் இதழ்க'ளை வெளியிட்டார். அவரை மெச்சிய பாரதி, யாப்பை உதறிக் காற்றையும் கடலையும் ஞாயிற்றையும் வசனத்தில் பாடினார். இருவரிடமும் செல்போன் இல்லாததால், பாவம், நேரில் பார்த்து எழுத வேண்டியதாயிற்று. மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார், அவற்றைப் பற்றித் தமிழிலும் எழுதினார். இரண்டிலும் காதும் கொம்பும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஆகவே அவர் இவ்வாய்வின் வரம்புக்குள் வரமாட்டார்.

வட்டார இலக்கணம் எளிது. வசனத்தை நாலு இடத்தில் என்டர் தட்டி மடித்தால் புதுக்கவிதை. மடிக்காமல் விட்டால் வசன கவிதை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியினர் மலைக்கு முன்னால் பதினொரு நிலைக் கோபுரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மேகத்தைத் தூதுவிட்ட ஆண்டாளின் ஊர்; மேகத்தைக் கண்டால் கை துறுதுறுக்கத்தான் செய்யும். இராஜபாளையம் பள்ளிக்குச் சஞ்சீவி மலை போதும்.

இனி மையச் சிக்கல். என் மாடியிலிருந்து எடுத்த படத்தில் இருப்பவை: மலை, மேகம், குறுக்கே மூன்று மின்கம்பி, பக்கத்து வீட்டுக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, கொடியில் ஒரு கைலி. அதற்கு நான் எழுதிய கவிதையில் இருப்பவை: மலை, மேகம், மௌனம். மௌனம் எங்கே என்று படத்தை விரலால் பெரிதாக்கித் தேடினேன். கைலியின் கட்டம்தான் துல்லியமாகத் தெரிந்தது.

மாடியில் அகப்படாத உண்மை காட்டில் அகப்படலாம் என்று களப்பணிக்குச் செண்பகத்தோப்பு போனேன். சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் சரணாலயமான காடு இது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அந்த அணில் லேசில் தரைக்கு இறங்காது. கிளையும் கிளையும் தொட்டுக்கொள்ளும் உச்சியிலேயே தாவி, அங்கேயே கூடும் கட்டும். ஒரு மணி நேரம் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றதில் ஒரு படம் தேறியது: நிறைய இலை, நடுவே சாம்பல் நிறத்தில் வால். வரும் வழியிலேயே, தரையின் கடன் எதுவும் இல்லாத அணிலைப் பற்றிப் பன்னிரண்டு வரி எழுதி முடித்தேன். நன்றாகவே வந்திருந்தது.

டீக்கடை அண்ணாச்சியிடம் படத்தையும் கவிதையையும் சேர்த்துக் காட்டினேன். அவர் கவிதையைத் தள்ளிவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தார்.

"அணில் வாலு புசுபுசுன்னுல்லா இருக்கும்? இது கயிறு மாதிரி தொங்குதே. மந்தி சார் இது."

வீட்டுக்கு வந்து கவிதையில் 'அணில்' வந்த இடத்திலெல்லாம் 'மந்தி' என்று போட்டுப் பார்த்தேன். வேறு ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.