பல்லைப் பிடிச்சுப் பாத்தயா, கண்ணு?

வா கண்ணு, திண்ணையில உக்காரு. ஒரு வாரமா அந்தக் கம்ப்யூட்டரையே மொறச்சுப் பாத்துட்டு இருக்கறயே, கண்ணாலத்துக்கு வரன் பாக்கறயாக்கும்னு அம்மிச்சி சந்தோசத்துல இருந்தா. கடைசில, அரிஸ்டாட்டிலைப் படிக்க எந்தச் சீமைக்குப் போறதுன்னு பட்டியல் பாக்கறயாமா. அவ மூஞ்சி சுண்டிப் போச்சு.

எனக்கென்ன தெரியும், மாடு மேய்ச்சவன். நீ போன்ல பேசற பழமையக் காதுல வாங்கினதுதான். 1989-ல மிச்சிகன்ல படிச்சுட்டிருந்த பிரையன் லைட்டர்ங்கறவரு, எங்கெங்க தத்துவம் நல்லாருக்குதுன்னு பட்டியல் போட்டாராமா. அதுக்குப் பேரு 'கோர்மே ரிப்போர்ட்'. நாக்கு ருசி கண்டவன் தீர்ப்புன்னு வெச்சுக்கலாம். காலேஜ் பேரை மறைச்சு, வாத்தியாருக பேரை மட்டும் காட்டி, சைபர்ல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க்குப் போடச் சொல்லுவாங்களாமா. மாடுக பேரை வரிசையா எழுதிக் காட்டிட்டு, யார் பட்டின்னு கண்டுபிடிச்சுடாதேன்னா, அந்தியூர்ச் சந்தைத் தரகன் சிரிக்க மாட்டானா?

ஆனா ஒரு நல்ல புத்தி இருந்திருக்குது. மொத்த மார்க்கு தனி. கிரேக்கம், இடைக்காலம், காண்ட்டுன்னு ஒவ்வொண்ணுக்கும் வரிசை தனி. கறவையில பேர் வாங்குன மாட்டை ஏர்ல பூட்ட முடியுமா? மொத்தத்துல மொத இடத்துல நிக்கற ஊர்ல உன்ற அரிஸ்டாட்டிலுக்கு நாதியில்லாமயும் போகலாம். அதனால தனி வரிசையப் பாரு. பாத்ததும் நம்பிடாத.

ஏன்னா அந்த வரிசையே ஒருத்தர், ரெண்டு பேர் முதுகுல நிக்கறது. கிரிகோரி விளாஸ்டோஸ், பிளேட்டோவுல பெரிய கை. கார்னெல்ல இருந்தவரு 1955-ல பிரின்ஸ்டன் போனாரு, 1976-ல பெர்க்லி. ஜி.ஈ.எல். ஓவன் 1966-ல ஆக்ஸ்போர்டை விட்டு ஹார்வர்டு, 1973-ல கேம்பிரிட்ஜ். நம்ம பட்டிக்காரங்க எடம் மாறுனாலாவது மழை இல்லைன்னு ஒரு சாக்கு இருக்கும். இந்த வாத்தியாருகளை நம்பி முந்தின வருசம் சேந்தவன் கதி என்ன? காளையப் பாத்து வெலை பேசிட்டு, கவுத்தை மட்டும் கையில புடிச்சுட்டு வந்த கதை. நானும் ஒருக்கா அப்படி வந்தவன்தான். அம்மிச்சிக்கு இன்னும் தெரியாது.

அதனால வாத்தியாரு வயசை விசாரி. ரிட்டயர் எப்பன்னு நேரா கேக்க வெக்கமா இருந்தா, அங்க படிக்கற பசங்களைத் தனியாப் புடி. பட்டியல்ல இல்லாததெல்லாம் அவங்க வாயில இருக்கும். அவரு போயிட்டா ரெண்டாவது ஆள் யாருன்னு கேளு. கிரேக்க மொழி சொல்லிக் குடுக்கற துறை தத்துவத் துறையோட ஒத்துழைக்குதான்னு பாரு. பிரின்ஸ்டன், டொராண்டோ, டெக்சஸ் ஆஸ்டின்ல ரெண்டு துறையும் ஒரே களத்துல போரடிக்கறாங்களாமா. உனக்கோ இன்னும் ஆல்பா, பீட்டாவே தடுமாறுது. அஞ்சு வருசச் சோத்துக்கு என்ன வழின்னும் கேட்டுக்க. அமெரிக்காவுல பெரும்பாலும் ஏப்ரல் 15 வரைக்கும் சேர்றயா இல்லையான்னு பதில் சொல்ல டைம் குடுப்பாங்களாமே? அதுக்கு முன்னால எவனாச்சும் அவசரப்படுத்துனா, அந்த மாட்டுல என்னமோ சுழி இருக்குதுன்னு அர்த்தம்.

என்ன சிரிக்கறே? பல்லைப் பிடிச்சுப் பாக்காத மனுசன் உன்ற அரிஸ்டாட்டில்தான். பொம்பளைகளுக்கு ஆம்பளைகளை விடப் பல்லு கம்மி, ஆட்டுக்கும் பன்னிக்கும் அப்படியேதான்னு எழுதி வெச்சுட்டாராமே! எனக்கென்னமோ சந்தேகமாவே இருக்குது. அம்மிச்சி அடுப்படியிலதான் இருக்கறா. போய் எண்ணிட்டு வா. நான் அனுப்புனேன்னு மட்டும் சொல்லிடாத.