தேதிச் சீட்டில் இரண்டு முத்திரை

நூலகத்தில் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்ததும் சிலர் முன்னுரையைப் புரட்டுவார்கள், சிலர் விலையைப் பார்ப்பார்கள். நான் பின்னட்டையைத் திறந்து, அங்கே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைத்தான் முதலில் பார்ப்பேன். எனக்கு முன்னால் இதை எத்தனை பேர் எடுத்துப் போனார்கள், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பதெல்லாம் அந்த மங்கிய ஊதா முத்திரைகளில் இருக்கும். நாவல்களின் சீட்டு இரண்டு பக்கமும் நிரம்பி, மேலே இன்னொரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். 1976இல் திண்டிவனத்தில் நான் எடுத்த அளவையியல் புத்தகத்தின் சீட்டில் ஒரே ஒரு முத்திரைதான் இருந்தது, அதுவும் நான்கு வருடத்துக்கு முந்தையது. இரண்டாவது முத்திரை எனக்காகக் குத்தப்பட்டது. நாலு வருடமாக இந்தப் புத்தகம் அலமாரியில் யாருக்காகக் காத்திருந்ததோ அந்த ஆள் நான்தான் என்று அன்று முழுக்க மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு. பதினெட்டு வயதில் அப்படி நினைக்கத் தோன்றும், நினைக்கவும் வேண்டும்.

அந்தப் புத்தகங்கள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். கல்லூரியில் தமிழிலேயே பாடம் படிக்கலாம் என்று 1960களின் தொடக்கத்தில் வழி திறந்தபோது, படிக்கப் புத்தகம் வேண்டுமே என்று முதலில் தமிழ் வெளியீட்டுக் கழகமும், பிறகு 1970இல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் நூற்றுக்கணக்கில் அச்சிட்டுத் தந்தவை. வரலாறு, மெய்ப்பொருள், உளவியல், பொருளாதாரம், இயற்பியல், தாவரவியல், எதைத் தொட்டாலும் உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தவற்றில் கல்வி அமைச்சர் இரா. நெடுஞ்செழியனின் அணிந்துரை முதலில் நிற்கும். எந்தத் துறையானாலும் ஏறக்குறைய அதே அணிந்துரை. மங்கலான தாள், கண்ணை உறுத்தாத அச்சு, நடுவில் ஒரு பிழை திருத்தப் பட்டியல், கடைசியில் கலைச்சொல் பட்டியல். அந்தக் கடைசிப் பட்டியலை நான் கவிதை படிப்பதைப் போலப் படித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் பார்த்தால் பயமுறுத்தும் ஒரு சொல்லுக்கு எதிரே, வயல் வரப்பில் கேட்ட சொல் ஒன்று சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும். யாரோ ஒரு பேராசிரியர் எங்கோ ஒரு மாடி அறையில் ஒரு மாலை முழுக்க யோசித்து அந்தச் சொல்லைக் கண்டெடுத்திருப்பார் என்று எண்ணும்போது, முகம் தெரியாத அவர்மேல் எனக்கு இன்றைக்கும் அன்பு சுரக்கிறது.

விஷயம் அதுவல்ல. அந்த அளவையியல் புத்தகத்தின் ஓரங்களில் காப்பியிங் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாக மாறுமே, அந்தப் பென்சில். 'மனிதர் யாவரும் இறப்பவர்' என்று முக்கூற்று முடிவு என்ற தர்க்க முறைக்கு எடுத்துக்காட்டு சொன்ன இடத்தில், ஓரத்தில் ஒரே ஒரு சொல்: 'சாட்சி?' இன்னும் பத்துப் பக்கம் தள்ளி, 'இது வாதியின் தரப்பு மட்டும்.' நூலகரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே நீதிமன்றத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

ஓரங்களில் எழுதியவர் அங்கே ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். வேப்பமரத்தடியில், மனு எழுதுகிறவர்களுக்கும் முத்திரைத்தாள் விற்பவருக்கும் நடுவே, ஒரு மர ஸ்டூல்தான் அவருடைய அலுவலகம். பள்ளியிறுதியோடு படிப்பு நின்றுவிட்டது. "அண்ணே, புத்தகத்தில் எழுதினது நீங்களா?" என்று நான் கேட்டதும் நூலகத்திலிருந்து அபராதம் கேட்க ஆள் வந்துவிட்டதாக நினைத்து ஒரு நிமிடம் திகைத்தவர், நான் படித்துவிட்டுத்தான் கேட்கிறேன் என்று தெரிந்ததும் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க தம்பி, வாங்க. நாலு வருஷமா இதைப் பேச ஆளில்லாம இருந்தேன்."

அதன் பிறகு மூன்று வருடம், விடுமுறை நாட்களில் அவரோடுதான் என் கல்லூரி. எங்கள் பக்கத்து மண்ணில் எத்தனை பெரிய கல்வி புதைந்து கிடக்கிறது என்பதை வகுப்பறையில் யாரும் எனக்குச் சொன்னதில்லை, அவர்தான் சொன்னார். சிவஞானபோதம் எழுதிய மெய்கண்டார் இருந்த திருவெண்ணெய்நல்லூர் இதோ, விழுப்புரத்துக்குப் பக்கத்தில். பன்னிரண்டு சூத்திரம், நாற்பதே அடி. ஆனால் ஒவ்வொன்றுக்கும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று அடுக்கிக்கொண்டு போகிற விதத்தைப் பார்த்தால், பதின்மூன்றாம் நூற்றாண்டு மனிதர் ஒருவர் பிராது எழுத உட்கார்ந்தது போலிருக்கிறது என்பார். அளவையியல் புத்தகத்தை இடது தொடையிலும் சிவஞானபோதத்தை வலது தொடையிலும் வைத்துக்கொண்டு, கிரேக்கர் சொன்ன முறையும் நம்மவர் சொன்ன முறையும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று விரலால் கோடு போட்டுக் காட்டுவார். மூன்று அங்கத்தில் அவர்கள் முடிக்கிறார்கள், நம்மவர் எடுத்துக்காட்டு இல்லாமல் விடமாட்டார்கள், ஏனென்றால் எதிரில் கேட்கிறவன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவர் கட்சி. அது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைவிட நல்ல பாடம் ஒன்றை நான் கேட்டதில்லை என்பது மட்டும் தெரியும்.

அதே ஊரில்தான் சுந்தரர் வழக்கும். கல்யாணப் பந்தலில் கிழவர் ஒருவர் வந்து நீ எனக்கு அடிமை என்று ஓலையை நீட்ட, சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தெறிய, கிழவர் அசராமல் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் போய், கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கிறது என்று எடுத்து வைத்தாரே, பாட்டனாரின் கையெழுத்தை வேறொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சபையார் தீர்ப்புச் சொன்னார்களே. பெரியபுராணத்தை நாங்கள் பக்தியாகப் படித்திருந்தோம். அவர் அதைச் சான்றுச் சட்டமாகப் படித்தார். கோயிலில் வழக்கு நடந்த இடம் என்று காட்டுகிற மண்டபத்துக்கு என்னைக் கூட்டிப்போய் நிறுத்தி, "நகல் கிழிஞ்சா வழக்கு போயிடாது தம்பி. அசல் எங்கே இருக்குன்னு தெரிஞ்சவன்தான் ஜெயிப்பான்" என்றார். கூடவே ஒரு பழக்கத்தையும் கற்றுக்கொடுத்தார்: புத்தகம் வாங்கக் காசில்லையா, படி எடு.

படி எடுத்தோம். நகலெடுக்கும் இயந்திரம் எங்கள் ஊருக்கு வந்து சேராத காலம். எண்பது பக்க நோட்டில், மைப்பேனாவில், அத்தியாயம் அத்தியாயமாக. நீதிமன்ற நகலில் இருப்பது போலவே முடிவில் 'படி எடுத்தவர்', 'ஒப்பிட்டவர்' என்று இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது அவர் விதி. நான் உரக்கப் படிக்க, அவர் மூலத்தில் விரல் ஓட்டி வருவார். கமா விட்டுப்போனாலும் நிறுத்திவிடுவார். இன்றைக்கு ஐம்பது வருடம் கழித்து, அளவையியலின் முதல் நான்கு அத்தியாயத்தைப் புத்தகம் பார்க்காமல் என்னால் சொல்ல முடிகிறதென்றால், அது மூளையில் ஏறியதல்ல, கை வழியாக ஏறியது.

ஔவை சு. துரைசாமிப் பிள்ளை பிறந்த ஔவையார்குப்பம் திண்டிவனத்துக்குப் பக்கத்தில்தான் என்று தெரிந்த அன்று, இரண்டு பேரும் சைக்கிளில் போனோம். பார்க்க என்ன இருக்கிறது? ஏரி, கடலைக் கொல்லை, வெயில். குடும்பச் சூழலால் படிப்பை நிறுத்தி, சுகாதாரக் கண்காணிப்பாளராகச் சில மாதம் வேலை பார்த்து, அது ஒட்டாமல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்துக்குப் போய், பின்னாளில் புறநானூறு முழுமைக்கும் உரை எழுதியவர் நடந்த தெரு இது என்று சொல்லிக்கொண்டு ஒரு திண்ணையில் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். குமாஸ்தா அண்ணன் திரும்பும் வழி முழுக்கப் பேசவேயில்லை. படிப்பை நடுவில் நிறுத்தியவர்களுக்கு அந்தத் தெரு வேறொன்றைச் சொல்லியிருக்கும்.

அறிவியல் எனக்கு வேன் ஏறி வந்தது. நியூ செஞ்சுரி புத்தக வேன் ஊருக்குள் வந்து நின்றால், மாஸ்கோவில் அச்சாகிய தமிழ்ப் புத்தகங்களின் வழவழப்பான தாளிலிருந்து எழும் ஒரு பசை வாசனைக்கே நாங்கள் நாலு பேர் போய் நிற்போம். பெரல்மானின் பௌதிகப் புத்தகத்தை அங்கேதான் வாங்கினேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசில் ஒரு விஞ்ஞானியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். நிலவியல் புத்தகம் ஒன்றில் மரம் கல்லாகும் விதத்தைப் படித்துவிட்டு மயிலம் வழியாகத் திருவக்கரைக்குப் போனதும் அந்த நாட்களில்தான். சிறு பிள்ளையில் கோயிலுக்குப் போனபோதெல்லாம் ஏறி உட்கார்ந்து விளையாடிய கல், இரண்டு கோடி வருடத்துக்கு முன்னால் நின்ற மரம் என்று தெரிந்ததும், உட்காரக் கூசியது. நீர் மரத்தின் ஒவ்வொரு உயிரணுவிலும் புகுந்து, மரம் இருந்த இடத்தில் மணிக்கல்லை வைத்துவிட்டுப் போயிருக்கிறது; மரமும் ஒரு படி எடுத்துக்கொண்டிருக்கிறது என்றார் அண்ணன்.

1991இல் சோவியத் நாடு போனது, வேனில் வந்த மாஸ்கோப் புத்தகங்களும் போயின. அதற்கு முன்பே, 1985இல், சென்னைக்குப் போகும்போதெல்லாம் எழும்பூரிலிருந்து நடந்தே போய்ப் பழைய புத்தகம் பொறுக்கிய மூர் மார்க்கெட் எரிந்துபோயிருந்தது. 1993இல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாகி, மாவட்ட மைய நூலகத்துக்குக் கடலூர் போக வேண்டாம் என்ற நிலை வந்தது. எங்களுக்கு அது பெரிய சந்தோஷம், ஒரே பேருந்தில் முடிந்துவிடுகிற சந்தோஷம்.

இப்போது என் பேத்தி விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். 2017இல் தொடங்கிய கல்லூரி. சட்டம் படிக்க வேண்டுமென்றால் வெளியூரில் அறை எடுக்க வேண்டியிருந்த எங்கள் தலைமுறையில் எத்தனை பேர் அந்த ஒரு காரணத்தாலேயே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகையால் அவள் காலையில் பேருந்தில் போய் மாலையில் வீட்டுக்கு வந்து சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது. அவளிடம் 1872ஆம் வருடத்துச் சான்றுச் சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். "தாத்தா, அது போயிடுச்சு. 2024 ஜூலை ஒண்ணுலேர்ந்து பாரதிய சாக்ஷிய அதினியம்" என்றாள். சாட்சியம், ருசு என்றெல்லாம் கிடந்த இடத்தில் 'சான்று' என்ற சொல்லை நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்து, அது வேர் பிடித்து நிழல் தரத் தொடங்கிய நேரத்தில், பேரே வடமொழியில் மாறி வந்து நிற்கிறது. எனக்கு அது வலிக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

அவள்தான் செல்பேசியில் தமிழ் மின் நூலகத்தைத் திறந்து காட்டினாள். நாங்கள் கடலூருக்குச் சொல்லியனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த புத்தகங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. கலைச்சொல் பட்டியல், பிழை திருத்தப் பட்டியல், நெடுஞ்செழியன் அணிந்துரை சகிதம். பேருந்துக் காசு இல்லாத ஒரு பிள்ளை செஞ்சிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் உட்கார்ந்து இதைப் படிக்க முடியும் என்பதைவிடப் பெரிய நன்மை என்ன இருக்கிறது? அந்தக் காலமே நல்ல காலம் என்று நான் சொல்லமாட்டேன். புத்தகம் கிடைக்காமல் கிடந்தது எங்களுக்குப் பெருமையல்ல, பஞ்சம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் புத்தகங்கள் அன்றைக்குப் புதியவை. பெரும்பாலானவை என் இளமையோடு நின்றுவிட்டன. எண்பதுகளுக்குப் பிறகு கல்லூரித் தரத்தில் தமிழில் புதிதாக எழுதுகிற அந்த வேகம் தளர்ந்துபோனதால், இன்று அவளுக்குத் தடையின்றிக் கிடைக்கிற இயற்பியல் ஐம்பது வருடத்துக்கு முந்தைய இயற்பியல். யாழ்ப்பாணத்துக்கு வந்த டாக்டர் கிறீன் 1850களிலேயே தமிழில் மருத்துவம் அச்சிட்டுக் காட்டினார்; அண்மையில் பாடநூல் கழகம் மறுபடி மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவரத் தொடங்கியிருப்பதைக் கேட்டு, பார்க்காத ஒரு சொந்தக்காரர் வீட்டில் விளக்கேற்றியது போல மகிழ்ந்தேன். இன்னும் வேண்டும். சட்டத்திலும் தத்துவத்திலும் வேண்டும்.

அன்று இரவு எல்லாரும் தூங்கிய பிறகு, நானே மெல்லத் தடவித் தடவி அந்த அளவையியல் புத்தகத்தைத் திறந்தேன். எங்கள் ஊர்ப் படியல்ல. வேறெங்கோ ஒரு நூலகத்தின் படி. முத்திரை வட்டத்தில் ஊர்ப் பெயர் அழிந்திருந்தது. முக்கூற்று முடிவு வருகிற பக்கத்துக்குப் போனேன். ஓரம் வெறுமையாக இருந்தது. அண்ணன் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது என்பது அந்த வெள்ளை ஓரத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

மூடப் போனவன், பழக்கத்தில் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினேன். படம் எடுத்தவர்கள் தேதிச் சீட்டையும் விடாமல் எடுத்திருந்தார்கள். இரண்டே முத்திரை. அதன் கீழே, கறுப்புப் பென்சிலில், பொடி எழுத்தில் யாரோ ஒரு வரி எழுதியிருந்தார்கள். இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தேன். பெரிதாகப் பெரிதாகக் கலங்கியது. எழுந்து விளக்கைப் போட்டு, பழைய எண்பது பக்க நோட்டின் கடைசியில் மிச்சமிருந்த வெற்றுத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு, பிடிபட்ட எழுத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் படி எடுக்கத் தொடங்கினேன். ஒப்பிட்டவர் இடத்தில், காலையில் பேத்தியைக் கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும்.