அருவ ரயில்: ஆவுடையார்கோவில் பயணி குறித்த ஓர் ஆய்வு

ஆவுடையார்கோவில் ரயில் பயணி என்பவர் தம் ஊரில் ரயில் நிலையம் இல்லாத ரயில் பயணி. ஊர் வழக்கப்படி பார்த்தால் இதில் முரண் ஏதுமில்லை. ஆத்மநாத சுவாமி கோயில் கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடையார் மட்டுமே. மீதியை வணங்குபவர் மனத்தால் நிரப்பிக்கொள்கிறார். படைகல்லில் பரப்பும் சூடான சோற்றின் ஆவிதான் அங்கே நைவேத்தியம். நீராவி எஞ்சின் ஓடிய காலத்திலும் ஊருக்குள் வந்த நீராவி அது ஒன்றுதான்.

ஊர்திக்குக் காத்திருக்கும் மரபு இங்கே பழையது. குதிரை வாங்கிவரப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பணத்தை மாணிக்கவாசகர் இதே ஊரில், அன்றைய திருப்பெருந்துறையில், கோயிலுக்குச் செலவிட்டார் என்பது புராணம். குதிரை எங்கே என்று மதுரையிலிருந்து கேட்டபோது, ஆவணி மூலத்தன்று வரும் என்று பதில் போயிற்று. தாமதமான ஊர்தி குறித்த முதல் அறிவிப்பாக இதைக் கொள்ளலாம். சொன்ன நாளில் குதிரைகள் வந்துசேர்ந்தன. இரவில் நரிகளாகிவிட்டன என்பது வேறு துறையின் புகார்.

ரயில் பயணத்தின் முதல் கட்டம் பஸ்ஸில் நடக்கிறது. நிலையம் இருப்பது சுமார் 14 கிலோமீட்டர் தள்ளி, அறந்தாங்கியில். மடியில் ஒயர்கூடையை இறுக்கிப் பிடித்திருக்கும் மூதாட்டி, "ரயிலைப் புடிச்சிரலாமாப்பா?" என்று கேட்பார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடியே, "அது எங்கத்தா ஓடிரப் போவுது?" என்பார். கேலிபோல் ஒலிக்கும் இப்பதில், 2019 வாக்கில் கறாரான தொழில்நுட்ப விளக்கம்.

மீட்டர்கேஜ் வண்டி 2012 இல் நின்று, தண்டவாளம் அகலமாகி, 2019 இல் காரைக்குடி–திருவாரூர் டெமு ஓடத் தொடங்கியது. பாதை தயார், வண்டி தயார். கேட்டுகளுக்குத்தான் ஆள் போதவில்லை. ஆகவே கேட் கீப்பர்கள் ரயிலிலேயே ஏற்றிச் செல்லப்பட்டார்கள். வண்டி கேட்டுக்கு முன்னால் நிற்கும். ஒருவர் இறங்கிப் போய்க் கேட்டைச் சாத்துவார். வண்டி ஊர்ந்து கடந்து, மறுபடி நிற்கும். பின்பெட்டியில் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டிலும் இதே பூஜை. உலகெங்கும் ரயிலுக்காகக் கேட்டில் மனிதர்கள் காத்திருக்க, இங்கே கேட்டுக்காக ரயில் காத்திருந்தது. 149 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல். சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொடவில்லை. பாண்டியனின் குதிரைகளுக்கு இது அவமானமாக இருந்திருக்காது.

அந்த வேகத்தில் பெட்டிக்குள் ஒரு தனி நாகரிகம் வளர்ந்தது இயற்கை. துண்டு போட்டு இடம்பிடிப்பவர் மூன்றாவது கேட்டுக்குள் பக்கத்து இருக்கைக்காரரின் சம்பந்தி வீடுவரை தெரிந்துகொள்வார். அனுபவசாலி கேட்டு நிறுத்தங்களை விரல்விட்டு எண்ணி, புளிசாதப் பொட்டலத்தை எப்போது பிரிப்பது என்று முடிவுசெய்வார். புதியவரோ ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜன்னலில் தலையை நீட்டி, "என்ன ஸ்டேசன் இது?" என்பார். எதிரே ஆடு மேய்ப்பவர் மட்டும் நிற்பார்; அவருக்கும் தெரியாது.

திரும்பும் பயணம் அறந்தாங்கியில் முடிவதாக டிக்கெட்டில் இருக்கும். இறங்கியவர் கூடையோடு ஓட்டமும் நடையுமாகப் பஸ் நிலையம் போய்ச் சேரும்போது ஆவுடையார்கோவில் பஸ் போயிருக்கும். பஸ்ஸுக்கு முன்னால் இறங்கிக் கேட் சாத்த ஆள் கிடையாது. அது நேரத்துக்குக் கிளம்பிவிடும்.