மரியாதைக்குக் குறைச்சல் இல்லைங்க

கோயமுத்தூரில் மரியாதைக்குப் பஞ்சமே இல்லைங்க. குழாயில் தண்ணி வராவிட்டால் மாநகராட்சியில் "வரலீங்களா?" என்பார்கள். சாக்கடை பொங்கினால் "பொங்குதுங்களா?" என்பார்கள். அந்த ஒரு 'ங்க'வை வைத்தே நம்மை எத்தனை வருஷம் ஓட்டிவிட்டார்கள்!

2016 அக்டோபரில் மாநகராட்சி மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. அது கிடக்கட்டுங்க. தேர்தல் வந்தது 2022 பிப்ரவரி 19-ல். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் நூறு வார்டுக்கும் ஒரே தனி அலுவலர். ஆணையராகக் கோப்பை அனுப்புவார். மாமன்றமாக அவரே ஒப்புதலும் தருவார். கூச்சல் இல்லை, வெளிநடப்பு இல்லை. அப்படியொரு ஒற்றுமையை, மாமன்றம் கூடும் விக்டோரியா ஹால் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அந்த ஒற்றுமைக் காலத்தில்தான், 2018 ஜனவரியில், 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்கு பிரெஞ்சு நிறுவனமான சூயஸுடன் 26 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. பெண் பார்க்கப் போவதென்றாலும் நாலு பங்காளியைக் கலந்து பேசுகிற ஊர் இது. குழாயைத் தாரை வார்க்கும்போது சபையில் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை. அந்த வருஷம் பிறந்த குழந்தைக்குக் கல்யாண வயசே தாண்டிவிடும், ஒப்பந்தம் முடிய.

பிறகு கவுன்சிலர்கள் வந்தார்கள். ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் முதல் தேதி மாநில அரசு சொத்து வரி உயர்வை அறிவித்தது. வீடுகளுக்கு 25 முதல் 100 சதவீதம். வரி கேட்க மட்டும் நம் கதவு எண் தப்பாமல் தெரிகிறது. கருத்துக் கேட்க வேண்டுமென்றால் விலாசம் தொலைந்துவிடுகிறது.

கருத்துக் கேட்கவும் ஏற்பாடு உண்டுங்க. 1992-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 74-ஆவது திருத்தம் சொன்ன வார்டு குழுவுக்கு, முப்பது வருஷம் கழித்து 2022-ல் விதிகள் வந்தன. கூடவே மக்கள் கூடிப் பேசப் பகுதி சபா. அப்படியொரு கூட்டம், எந்த ஊர் என்று கேட்காதீங்க. சாமியானா, பிளாஸ்டிக் சேர், முன்வரிசை முழுக்கக் கட்சி வேட்டி. பின்னாலிருந்து ஒரு ஆத்தா எழுந்தார்.

"ஏஞ்சாமி, சாக்கடைத் தண்ணி ஊட்டுக்குள்ள வருதுங்க."

"மனுவா எழுதிக் குடுங்கம்மா."

"போன கூட்டத்துலயே குடுத்தனுங்க."

"அப்ப அதோட ஜெராக்ஸ் குடுங்க."

டீ வந்தது. போட்டோ எடுத்தார்கள். வருகைப் பதிவேட்டில் ஆத்தா கைநாட்டு வைத்தார். மக்கள் பங்கேற்பு முடிந்தது. சாக்கடை மட்டும் இன்னும் பங்கேற்றுக்கொண்டிருக்கிறது.

கிராமத்துக்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2025 ஜனவரியில் கோவை உட்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர் வந்தார். அதே நாற்காலி, அதே ஒற்றுமை. கேட்டால், "பார்க்கலாமுங்க."

அந்த 'ங்க'வை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இனி மரியாதை வேண்டாம், எங்களுக்கும் வராது. தேர்தலைக் காலத்தில் நடத்து. கணக்கைக் காட்டு.